கப்பல் நிற்கும் ஒரு பகலில் சிங்கப்பூர்: மொரீஷியஸ் தமிழர் கேட்கும் கேள்விகள்

போன வருஷம் அம்மாவையும் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பல் பயணம் ஒன்று போய் வந்தேன். மலேசியாவின் போர்ட் கிளாங்கில் ஏறினோம். சிங்கப்பூரில் கப்பல் ஒரே ஒரு பகல்தான் நின்றது. காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்து, மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டது. அந்தப் பகலை யாருடைய பேருந்திலும் ஏறாமல் நாங்களே சுற்றிக் கழித்தோம். ஊர் திரும்பியதிலிருந்து கோவில் வாசலில், கல்யாண வீட்டில், தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது என்று பார்க்கிற இடமெல்லாம் இதே பேச்சு. எங்கள் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு குடும்பம் விரைவில் கிளம்பவும் போகிறது. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, கேட்டதையெல்லாம் சேர்த்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

கப்பல்காரர்களே சுற்றிக் காட்டுகிறார்களே, தனியாகப் போகத்தான் வேண்டுமா?

சிங்கப்பூரைப் பொறுத்தவரை தனியாகப் போவதே நல்லது என்பேன். ஆசியாவின் பெரிய துறைமுக நகரங்களில் புதிதாக வருபவருக்கு இவ்வளவு எளிதான ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ரயில் நிலையம் நடை தூரத்தில், பலகைகள் தெளிவாக, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், டாக்ஸியில் மீட்டர்.

கப்பல் ஏற்பாட்டில் ஒரே ஒரு உண்மையான வசதி உண்டு. அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தாமதமானால் காத்திருக்காது. அந்தப் பயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்றால் அவர்களுடனேயே போங்கள், தப்பில்லை. ஆனால் அப்படிப் போனால் மெர்லயன் சிலை முன் இருபது நிமிடம், கடையில் ஒரு மணி நேரம் என்று பகல் ஓடிவிடும். நம்மைப் போன்றவர்கள் அங்கே பார்க்க வேண்டியது வேறு.

விசா வேண்டுமா? என்னென்ன காகிதம்?

மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. கரையில் இறங்குவோர் இணையத்தில் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்ற படிவத்தை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம்தான். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் அல்ல என்று மூடிவிடுங்கள். கப்பலில் இணையம் மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும் என்பதால், மூன்று நாள் கணக்கு ஒத்துவந்தால் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். இறங்கும்போது பாஸ்போர்ட், கப்பல் அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

கப்பல் எந்த இடத்தில் நிற்கும்?

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். நாங்கள் இடறி விழுந்த இடம் இது.

சிங்கப்பூரில் பயணக் கப்பல் நிற்கும் முனையங்கள் இரண்டு. ஒன்று மரீனா பே குரூஸ் சென்டர். 2012-இல் திறந்தது, பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான். மற்றது ஹார்பர்ஃபிரண்ட், விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதிக்குப் பக்கத்தில். குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பதன் பெயரே ‘சிங்கப்பூர் குரூஸ் சென்டர்’. எங்கள் கப்பல் நின்றது மரீனா பேயில். திரும்பும்போது டாக்ஸியில் ஏறி நான் “குரூஸ் சென்டர்” என்று மட்டும் சொன்னேன். ஓட்டுநர் ஹார்பர்ஃபிரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் மேல் குற்றமே இல்லை, நான் சொன்ன பெயருக்கு அவர் வந்த இடம் சரிதான். சின்னம்மா கடலை எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம கப்பல் எங்கே?” என்று கேட்டபோது என் வயிறு கலங்கியது. உடனே அதே வண்டியில் திரும்பி ஓடினோம். நேரத்தோடு கிளம்பியிருந்ததால் பிழைத்தோம்.

காலையில் இறங்கியதும் முனையத்தின் பெயர்ப் பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வாயால் சொல்லாமல் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

எட்டு மணியிலிருந்து ஆறு மணிவரை பத்து மணி நேரம் கிடைக்கும், இல்லையா?

கிடைக்காது. கப்பல் கரை தொட்ட பிறகு அனுமதி வர வேண்டும், குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் வெளியே கால் வைத்தபோது மணி ஒன்பதரை. மாலையில் ஆறு மணிக்குப் புறப்பாடு என்றால் ஐந்து, ஐந்தரைக்குள் ஏறிவிடச் சொல்வார்கள். அந்த நேரம், கப்பலில் தினமும் தரும் தகவல் தாளான தினத்தாளில் அச்சாகியிருக்கும். அதற்கு முன் மறுபடி குடிநுழைவு, பை சோதனை, வரிசை. நான் நான்கு மணியை எல்லையாக வைத்துக்கொண்டேன். ஆக, கையில் இருப்பது ஆறரை மணி நேரம். அதில் இரண்டு இடங்கள் நிதானமாகப் பார்க்கலாம். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே கெட்டுவிடும்.

கடிகாரத்திலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட நான்கு மணி முன்னே. மலேசியாவிலிருந்து வந்தால் ஒரே நேரம்தான். ஆனால் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து வரும் கப்பலுக்கு ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். சில கப்பல்கள் கரை நேரத்துக்கு மாறாமல் தங்கள் நேரத்தையே வைத்திருக்கும். கைபேசியோ தானாகவே மாறிவிடும். “ஏற வேண்டிய நேரம் எந்தக் கடிகாரப்படி?” என்று இறங்கும் முன் வரவேற்பில் கேட்டுவிடுங்கள். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்திலேயே கட்டிக்கொள்வது எளிது.

ரயிலில் போவது எப்படி? டிக்கெட் எங்கே வாங்குவது?

அங்கே ரயிலை எம்ஆர்டி என்பார்கள். டிக்கெட் வாங்க வேண்டிய வேலையே இல்லை. தொட்டுப் பணம் கட்டும் வசதியுள்ள வீசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் போதும். உள்ளே போகும்போது வாயிலில் தொட வேண்டும், வெளியே வரும்போதும் அதே அட்டையால் தொட வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம், ஒரே அட்டையால் இரண்டு பேர் போக முடியாது. வெளிநாட்டு அட்டைக்குச் சிறிய கட்டணம் ஒன்று சேரும், அது பெரிதல்ல.

மரீனா பே முனையத்திலிருந்து பத்து நிமிட நடையில் மரீனா சவுத் பியர் நிலையம். சிவப்புப் பாதையில் ஏறி நான்காவது நிறுத்தமான ‘டோபி காட்’ நிலையத்தில் இறங்கி, ஊதாப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே இந்தியர் பகுதியான லிட்டில் இந்தியா. ஹார்பர்ஃபிரண்டில் நின்றால் இன்னும் சுலபம். அங்கிருந்தே ஊதாப் பாதை தொடங்குகிறது. இரண்டாவது நிறுத்தம் சைனாடவுன், ஐந்தாவது லிட்டில் இந்தியா. ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 டாலர் வரை போகும். தண்ணீர் மடக்கு ஒன்றுகூட வேண்டாம்.

முதலில் எங்கே போவது?

கோவிலுக்கு. பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கேயும் பெரும்பாலான கோவில்கள் நண்பகலில் நடை சாத்தி, சாயந்திரம்தான் திறப்பார்கள். சாயந்திரம் நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். கடை, சாப்பாடு, அருங்காட்சியகம் எல்லாம் மதியத்தில் திறந்திருக்கும், கோவில் திறந்திருக்காது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நாங்கள் முதலில் சைனாடவுனில் இறங்கினோம். “மாரியம்மனைப் பார்க்கச் சீனர் தெருவுக்கா?” என்று அம்மா நம்பவில்லை. பகோடா தெரு வழியே நடந்து முடிந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் எதிரே கோபுரம் நிற்கிறது. அந்தத் தெருவுக்கே பகோடா என்ற பெயர் இந்தக் கோபுரத்தால் வந்ததுதான். ஸ்ரீ மாரியம்மன் கோவில் 1827-இல் தொடங்கியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில். தொடங்கியவர் நாராயண பிள்ளை, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் 1819-இல் பினாங்கிலிருந்து வந்தவர். முதலில் மரமும் அத்தாப்பு ஓலையும்தான், செங்கல் கட்டடம் பிறகு வந்தது. தீபாவளிக்கு முன்னால் ஐப்பசியில் இங்கே தீமிதி நடக்கும். நம் ஊரில் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குண்டம் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கும்.

அதே சாலையில் சில அடி தள்ளி ஜாமியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், அங்கே சூலியா என்று அழைக்கப்பட்டவர்கள், கட்டியது. கோவிலும் பள்ளிவாசலும் சீனக் கடைகளும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்தால் நமக்கு நம் தலைநகர் போர்ட் லூயி ஞாபகம் வரும். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த கொத்தனார்களும் தச்சர்களும்தானே நம் போர்ட் லூயியைக் கட்டினார்கள்.

பிறகு அதே ஊதாப் பாதையில் மூன்று நிறுத்தம், லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில். சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்ததால் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில்’ என்று பழையவர்கள் சொல்வார்களாம். கம்பம் என்றால் மலாயில் கம்போங், கிராமம். பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

நம்முடைய தமிழ் அங்கே செல்லுபடியாகுமா? பேசினால் சிரிப்பார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது.

தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்தில் அபாய அறிவிப்பு தமிழில் இருக்கும், அரசாங்க அலுவலகப் பலகை தமிழில் இருக்கும். தமிழ் முரசு என்ற நாளிதழ் 1935-இலிருந்து வருகிறது. தமிழ் வானொலி நாள் முழுதும் ஓடுகிறது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவர். வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் என்பது கோவிலில் தேவாரம் பாடுவதற்கும், காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளுக்கும் உரியது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கியதும் சுவரில் இருந்த பெயரின் முன் நின்றுவிட்டார். விரலை நீட்டி “லிட்… டில்… இந்… தி… யா” என்று படித்தார். ஒரு தடவை படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். பின்னால் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிப் போனது.

வெளியே பஃபலோ சாலையில் பூக்கடை. பூக்காரர் அம்மாவைப் பார்த்து, “என்னம்மா வேணும், மல்லியா?” என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் கிரியோலில் சொல்வேன் என்று. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “மல்லி. ரெண்டு முழம்.” முழம் என்ற சொல் அம்மாவிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவருடைய பாட்டி சொன்னதாம், அறுபது வருஷம் உள்ளே கிடந்திருக்கிறது. பூக்காரர் முழங்கையில் வைத்து அளந்து, வாழைநாரைக் கிள்ளிக் கொடுத்தார்.

பக்கத்துக் கடையில் ஒரு பெரியவர் “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். மொரீஷியஸ் என்றதும், “அங்கே தமிழ் உண்டா?” என்றார். பையிலிருந்து நம் நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினேன். நோட்டில் தமிழைப் பார்த்து அவர் கண்ணாடியை மேலே தள்ளி உற்றுப் பார்த்தார். 1998-இல் தமிழின் இடத்தை மாற்றி அச்சிட்ட நோட்டுகளுக்கு நம்மவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதையும் சொன்னேன். அவர் கல்லாவைத் திறந்து இரண்டு வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, அதில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருப்பதைக் காட்டினார். டாலரை அங்கே தமிழர் வெள்ளி என்பார்கள்.

அதனால் கூச்சப்படாமல் பேசுங்கள். பெரியவர்களை அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிட்டால் போதும். அவர்கள் வேகமாக, ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார்கள். “கொஞ்சம் மெதுவா சொல்லுங்க” என்றால் மெதுவாகச் சொல்வார்கள். பார்ப்பதற்கு நம்மைப் போல இருக்கிற எல்லோரும் தமிழ் பேசுபவர்கள் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். நம் ஊரிலும் அப்படித்தானே.

டாக்ஸிக்காரரிடம் லிட்டில் இந்தியா என்றால் தெரியுமா?

தெரியும். தமிழர்கள் அந்த இடத்தை ‘தேக்கா’ என்பார்கள். மூங்கில் புதர் இருந்த இடம் என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர். நீங்களும் தேக்கா என்றே சொல்லுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. சிராங்கூன் சாலையில் 1947-இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் சைவ உணவகம். நாங்கள் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டது வேறொரு சிறிய கடையில். நம் ஏழு கறி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாம்பாரும் ரசமும் நம் வீட்டுச் சுவையில் இராது, தமிழ்நாட்டுச் சுவை. சின்னம்மாவுக்கு ரசம் காரம், அம்மாவுக்கு மூன்று தடவை வேண்டியிருந்தது.

அசைவம் சாப்பிடுபவர்கள் தேக்கா சென்டரின் கீழ்த்தளத்துக்குப் போகலாம். ஒரு பக்கம் மீன், காய்கறிச் சந்தை, மறுபக்கம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். காலி மேசையில் ஒரு சின்னத் துடைப்புத்தாள் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். இது சட்டம்.

பணம் எவ்வளவு மாற்றுவது?

நம் ரூபாயை நம்பிப் போகாதீர்கள். நான் யூரோ கொண்டுபோய், முஸ்தபா கடைத்தொகுதி பக்கத்தில் பணம் மாற்றும் கடையில் மாற்றினேன். பூ, காணிக்கை, சின்னச் சாப்பாட்டுக் கடை ஆகியவற்றுக்கு மட்டும் ரொக்கம் போதும். மற்றதெல்லாம் அட்டையிலேயே முடியும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது.

மரீனா பே, மெர்லயன், பூங்கா எல்லாம் பார்க்காமல் வருவதா?

மரீனா பேயில் நிற்கும் கப்பல் என்றால் மேல்தளத்திலிருந்தே மூன்று கோபுரக் கட்டடம் நன்றாகத் தெரியும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளைகள் கூட வந்தால் கார்டன்ஸ் பை தி பே போகலாம். இரும்பு மரங்கள் நிற்கும் வெளித்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட். விளக்குக் காட்சி இரவில்தான் என்பதால், மாலையில் கிளம்பும் கப்பலுக்கு அது கிடையாது.

மதியத்தில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் நான் சொல்வது கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம். 2015-இல் திறந்தது. குளிர்சாதனமும் உண்டு, உட்கார இடமும் உண்டு. போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ‘அப்பிரவாசி காட்’ துறையின் படிகளில் ஏறிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதே காலத்தில் கிழக்கே கப்பலேறியவர்களின் கதை அங்கே இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனால்?

வேலைக்கு வந்த தொழிலாளர்களுக்கு அன்றுதான் விடுமுறை. மதியத்துக்கு மேல் தேக்காவில் கூட்டம் நெரியும். ஊரை விட்டு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் நாள் அது. வயதானவர்களோடு போனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

முட்டிவலி உள்ளவர்களைக் கூட்டிப் போகலாமா? வெயில் எப்படி?

கூட்டிப் போகலாம். நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. ஆனால் நிலையத்துக்குள்ளேயே நடை அதிகம், முக்கியமாக ‘டோபி காட்’ நிலையத்தில் பாதை மாறும்போது. அங்கே மாறாமல் டாக்ஸியில் போய்விடுவது உடம்புக்கு நல்லது.

பூமத்திய ரேகைக்கு மிக அருகில் உள்ள ஊர். நம் ஊரில் வீசும் கடல் காற்று அங்கே இல்லை, புழுக்கம்தான். மதியத்தில் திடீரென்று மழை கொட்டும், அரை மணியில் நின்றுவிடும். குடை, தண்ணீர், கோவிலில் கால் கழுவிய பின் துடைக்க ஒரு துண்டு.

எதைக் கையில் கொண்டு இறங்கக் கூடாது?

சூயிங்கம் வேண்டாம். மின்சிகரெட் கண்டிப்பாக வேண்டாம், வைத்திருப்பதே குற்றம். சாதாரண சிகரெட்டுக்கும் தீர்வையில்லாச் சலுகை கிடையாது, ஒரு பெட்டியானாலும் அறிவிக்க வேண்டும். கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

அப்படியும் கப்பலைத் தவற விட்டால்?

தினத்தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். காலையிலேயே படம் எடுத்து வைத்திருங்கள், முதல் அழைப்பு அவருக்கு. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியிருக்கும். அன்றாடம் போடும் மாத்திரைகளையும் ஒரு வங்கி அட்டையையும் எப்போதும் தோள்பையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்?

பூ, பழம், செடி, விதை எதையும் கொண்டுவராதீர்கள். கப்பலிலும் தொல்லை, நம் ஊர் விமான நிலையத்திலும் தொல்லை. மல்லியை அம்மா வீரமாகாளிக்குச் சாத்தக் கொடுத்துவிட்டார், மிச்சத்தை இரண்டு பேரும் தலையில் வைத்துக்கொண்டார்கள். குத்துவிளக்கு, சேலை, மளிகை எல்லாம் கிடைக்கும், விலை நம் ஊரைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. நான் தமிழ் முரசு இரண்டு படி வாங்கினேன், ஒன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு. அம்மா எதுவும் வாங்கவில்லை. கடைக்காரப் பெரியவர் காட்டிய அந்த இரண்டு வெள்ளி நோட்டை, நம் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். கணக்குப்படி யாருக்கு லாபம் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.